சிறுநீர்க் கசிவுச் சிகிச்சையின் நீண்டகாலப் பயன்: தங்கவயலை முன்வைத்து ஓர் ஆய்வு

கோலார் தங்கவயலின் கடைக்கோடியிலுள்ள மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு மூடப்பட்டன. அதன் பின்னர் அவ்வூர் மக்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை நாடி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். அவர்களுள் பெண்களும் பெருந்தொகையினர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், இடையில் ஒரு முழு நாள் வேலை என்பது அவர்களது வாழ்க்கை முறையாகிவிட்டது.

இருமினாலும், தும்மினாலும், சுமை தூக்கினாலும் சிறுநீர் கசியும் குறையுடைய ஒரு பெண்ணுக்கு இப்பயணம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெரிசல் மிகுந்த பெட்டியில் கழிவறை வரை செல்வதே அரிது. ஆகவே இத்தகைய பெண்கள் புறப்படுமுன் தண்ணீர் அருந்துவதைத் தவிர்ப்பர். மாற்றுத் துணியைப் பையில் மறைத்து எடுத்துச் செல்வர். நாற்றம் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சிப் பிறரிடமிருந்து ஒதுங்கி நிற்பர். தண்ணீரைக் குறைப்பதால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்துகிறது. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வர வழியேற்படுகிறது. இவை கசிவை மேலும் மிகுவிக்கின்றன. இறுதியில் சிலர் வேலையையே விட்டுவிடுகின்றனர். அவ்வாறு இழக்கப்படும் கூலி எந்தக் கணக்கேட்டிலும் நோயின் பெயரால் எழுதப்படுவதில்லை.

இக்குறைக்குச் சிகிச்சைகள் பல உள்ளன. ஆனால் எச்சிகிச்சையின் பயன் ஐந்தாண்டு, பத்தாண்டு, பதினைந்தாண்டு கழித்தும் நிலைத்து நிற்கிறது? நலவாழ்வுத் துறைக்குப் பொதுப்பணத்தை ஒதுக்கும் அலுவலர்களும், சமூக நலத் திட்டங்களைப் பயிலும் மாணவர்களும் முதன்மையாகக் கேட்கவேண்டிய வினா இதுவே.

நோயின் இயல்பு

தன் விருப்பமின்றிச் சிறுநீர் வெளியேறுவதையே சிறுநீர்க் கசிவு என்கிறோம். இது முதன்மையாக இரு வகைப்படும். வயிற்றினுள் அழுத்தம் கூடும்போது, அதாவது இருமல், தும்மல், சிரிப்பு, சுமை தூக்கல் ஆகியவற்றின்போது ஏற்படுவது அழுத்தக் கசிவு. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும், சிறுநீர்க் குழாயை மூடிவைக்கும் அமைப்பும் தளர்ந்துபோவதே இதன் அடிப்படை. கழிவறையை அடையுமுன்பே அடக்க முடியாத உந்துதலோடு வெளியேறுவது அவசரக் கசிவு. சிறுநீர்ப்பைத் தசை வேளையல்லாத வேளையில் சுருங்குவதால் இது நேர்கிறது. இரண்டும் சேர்ந்து காணப்படுவது கலப்புக் கசிவு எனப்படும்.

மகப்பேறு, குறிப்பாக இயல்பு வழிப் பேறு, உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மாறுதல்கள், முதுமை ஆகியவை இக்குறைக்கு வழிகோலுகின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, வயது வந்த பெண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை ஏதோவோர் அளவில் கசிவுடையோராய் உள்ளனர். எல்லோருக்கும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. அன்றாட வாழ்வு குலையும் அளவுக்குத் துன்புறுவோர் அவர்களுள் ஒரு பகுதியினரே.

இவற்றினின்றும் வேறானது ஃபிஸ்டுலா. நெடுநேரம் நீடித்துத் தடைபட்ட பேற்றின்போது குழந்தையின் தலை அழுத்துவதால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்து, இரவும் பகலும் இடைவிடாது சிறுநீர் ஒழுகுவது இது. தசைப் பயிற்சி இதனைக் குணப்படுத்தாது. தேர்ந்த அறுவையாளர் துளையை அடைத்தாக வேண்டும். ஒழுகல் இடைவிடாது உள்ளது என்று ஒரு பெண் கூறினால், களப்பணியாளர் அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது கடமையாகும்.

பயனை அளப்பது எவ்வாறு?

ஏரியொன்று வெட்டி முடிக்கப்பட்டதும் திட்ட முடிவறிக்கை எழுதப்படுகிறது. செலவான தொகையும் முடிந்த நாளும் அதில் காணப்படும். ஆனால் அந்த ஏரி பத்தாண்டு கழித்து எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது என்பதை முடிவறிக்கை கூறாது. தூர் வாரப்பட்டதா, மதகு பழுது பார்க்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அது அமையும். சிகிச்சையும் இவ்வாறே. நோயாளி வீடு திரும்பிய நாளில் காணும் உலர்ந்த நிலை முடிவறிக்கையைப் போன்றது. ஆண்டுதோறும் அவர் பெறும் நலனே உண்மையான பயன்.

இப்பயனை அளக்கும்போது மூன்று செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, அளப்பவர் யார் என்பது. மருத்துவர் இருமச் சொல்லிச் சோதிப்பதும், நோயாளி தாமே கூறுவதும் ஒரே விடையைத் தருவதில்லை. இரண்டாவது, எப்போது அளக்கப்பட்டது என்பது. மூன்றாவது, தொடக்கத்தில் சேர்ந்தோருள் எத்தனை பேர் இறுதிவரை தொடர்பில் இருந்தனர் என்பது. வராமற்போனவர்கள் நலமடைந்ததால் வரவில்லையா, நம்பிக்கையிழந்து வரவில்லையா என்பதை அறியாமல் கணக்கிடப்படும் சதவீதம் ஐயத்திற்கு உரியது.

அமெரிக்காவில் 655 பெண்களிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வொன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பிரிவினருக்குப் பர்ச் முறை அறுவையும், மற்றொரு பிரிவினருக்கு அவரவர் உடலின் தசையுறையினால் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் அறுவையும் செய்யப்பட்டன. இரண்டாண்டுகளுக்குப் பின் அழுத்தக் கசிவைப் பொறுத்தமட்டில் வெற்றி கண்டோர் தசையுறைத் தாங்கல் பிரிவில் 66 சதவீதத்தினர். பர்ச் பிரிவில் 49 சதவீதத்தினர். எவ்வகைக் கசிவுமே இருத்தல் கூடாது என்பது முதலான கடும் அளவுகோலைக் கொண்டால் இவை 47, 38 எனக் குறைந்தன. ஐந்தாண்டு முடிவில் கசிவற்றிருந்தோர் முறையே 31, 24 சதவீதத்தினரே. எனினும் சிகிச்சையில் மனநிறைவு கொண்டோர் 83, 73 சதவீதத்தினர் ஆவர்.

ஒரே சிகிச்சைக்கு 31, 83 என இருவேறு எண்கள் கிடைப்பது முரண்பாடு அன்று. முழுமையாக உலர்ந்திருத்தல் ஓர் அளவுகோல். வாழ்க்கையைத் திரும்பப் பெறுதல் மற்றோர் அளவுகோல். நாளொன்றுக்குப் பன்முறை கசிந்தவருக்கு வாரம் ஒருமுறை கசிந்தால் மருத்துவக் கணக்கில் அவர் குணமடையாதவர். ஆனால் அவர் மீண்டும் ரயிலேறி வேலைக்குச் செல்கிறார். இரு எண்களையும் நோயாளிக்கு முன்னரே சொல்லிவிடுவது நேர்மை.

தசைப் பயிற்சி: மலிவான மருந்து, மறக்கப்படும் மருந்து

இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கேகல் 1948-இல் விளக்கி எழுதினார். சிறுநீர் கழிவதையும் காற்றுப் பிரிவதையும் ஒருங்கே அடக்க முயல்வதுபோல் தசைகளை உள்ளிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, பின்னர் முழுதும் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளொன்றுக்கு மூன்று வேளை, மூன்று மாதங்களுக்குக் குறையாமல் செய்தல் வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறி. இதற்குக் கருவியோ மருந்தோ வேண்டுவதில்லை. ஆனால் சரியான தசையைத்தான் இறுக்குகிறாரா என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர் தொடக்கத்தில் சரிபார்த்தல் இன்றியமையாதது. பலர் வயிற்றையோ தொடையையோ இறுக்கிவிட்டுப் பயனில்லை என்று கைவிடுகின்றனர்.

காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அழுத்தக் கசிவுடைய பெண்களுள் பயிற்சி செய்தோரில் 56 சதவீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர். எச்சிகிச்சையும் பெறாதோரில் 6 சதவீதத்தினரே அவ்வாறு கூறினர். குறுகிய காலத்தில் பயிற்சியின் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது.

நீண்டகாலத்தில் நிலைமை மாறுகிறது. நார்வேயில் பயிற்சி பெற்ற 52 பெண்களைப் பதினைந்தாண்டு கழித்து ஆராய்ந்த முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. தீவிரப் பயிற்சி பெற்ற பிரிவினருக்குத் தொடக்கத்தில் இருந்த மேம்பாடு அப்போது மறைந்திருந்தது. இரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் இடைக்காலத்தில் அறுவை செய்துகொண்டிருந்தனர். வாரம் ஒருமுறையேனும் பயிற்சியைத் தொடர்ந்தோர் 28 சதவீதத்தினர் மட்டுமே. பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் பேற்றுக்கு மூன்று மாதங்களுக்குப் பின் கசிவுடன் இருந்த 747 பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்விலும் இதே போக்கு காணப்பட்டது. செவிலியர் வழியே பயிற்சி பெற்றோருள் ஓராண்டுக்குப் பின் கசிவுடையோர் 60 சதவீதம். பெறாதோருள் 69 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரோ இவ்வெண்கள் 83, 80 என்றாயின. வேறுபாடு அற்றுப்போயிற்று.

இதிலிருந்து பயிற்சி பயனற்றது என்று முடிவு கட்டுவது பிழை. தசை எனும் சொத்துக்குத் தேய்மானம் உண்டு. பராமரிப்பு நின்றால் பயனும் நிற்கும். ஓராண்டு கற்பித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் திட்டம் ஓராண்டுப் பயனைத்தான் தரும். பல் துலக்குவதைப் போல் வாழ்நாள் வழக்கமாகப் பயிற்சி நிலைபெற வேண்டுமெனில், நினைவூட்டுவதற்கும் மீண்டும் சரிபார்ப்பதற்கும் ஓர் அமைப்பு தேவை.

உடல் எடையைக் குறைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பருமனான 338 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களில் எடையை 8 சதவீதம் குறைத்த பிரிவினருக்கு வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. மற்றப் பிரிவினருக்கு 28 சதவீதம் குறைந்தது. எடை திரும்பக் கூடினால் இப்பயனைத் தக்கவைப்பது கடினம்.

அறுவைச் சிகிச்சை: நிலைத்த பயனும் நீண்ட பொறுப்பும்

பயிற்சியால் தீராத அழுத்தக் கசிவுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. ஜான் பர்ச் 1961-இல் விளக்கிய முறையில் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி உயர்த்தித் தைக்கப்படுகிறது. தொகுப்பாய்வுகளின்படி, முதலாண்டில் 85 முதல் 90 சதவீதத்தினர் கசிவு நீங்கியிருக்கின்றனர்; ஐந்தாண்டுக்குப் பின் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் அவ்வாறு உள்ளனர். பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை தொடர்ந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 69 சதவீதம் என்ற அளவில் பயன் நிலைகொள்வதாகக் காட்டியது.

சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1990களில் செயற்கை வலைநாடா ஒன்றைச் சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே வைக்கும் எளிய முறையை உருவாக்கினார். பெரிய கீறல் இல்லை. நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். 1995-96-இல் இவ்வறுவை செய்துகொண்ட 90 வட ஐரோப்பியப் பெண்களைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று ஆராய்ந்தபோது, சோதிக்கப்பட்டோரில் 91 சதவீதத்தினருக்குச் சோதனையில் கசிவு இல்லை. 87 சதவீதத்தினர் தாம் குணமடைந்ததாகவோ மிகவும் மேம்பட்டதாகவோ கூறினர். நெடுங்காலப் பயன் என்ற ஒன்றை மட்டும் நோக்கினால் இதற்கு இணையான சான்றுடைய முறைகள் சிலவே.

ஆனால் தேர்ந்த அறுவையாளர்களின் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் கண்ட முடிவு, நாடு முழுவதற்கும் பரவும்போது அவ்வாறே இருப்பதில்லை. இங்கிலாந்தில் 92,246 பெண்களின் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, அறுவையின்போதோ அதன் பின் ஐந்தாண்டுகளுக்குள்ளோ 9.8 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு சிக்கலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தது. 95,057 பெண்களைப் பற்றி 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒன்பது ஆண்டுகளுக்குள் 3.3 சதவீதத்தினருக்கு நாடா முழுதுமோ ஒரு பகுதியோ அகற்றப்பட்டதைக் காட்டியது. முன்னது எல்லாச் சிக்கல்களையும் எண்ணியது; பின்னது நாடாவை அகற்றும் அளவுக்குச் சென்றவற்றை மட்டும் எண்ணியது. இரண்டையும் சேர்த்துப் படிப்போருக்கே முழு உண்மை புலப்படும்.

தீராத வலி, நாடா திசுவை அரித்து வெளிப்படுதல், தாம்பத்திய வாழ்வில் துன்பம் எனப் பாதிக்கப்பட்ட பெண்கள் பல ஆண்டுகள் முறையிட்டதன் விளைவாக, 2018 ஜூலையில் இங்கிலாந்தில் இந்நாடா அறுவைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2020 ஜூலையில் வெளியான கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை, நோயாளிகளின் சொல்லுக்குச் செவிசாய்க்கப்படவில்லை என்பதையும், யாருக்கு எந்தப் பொருள் பொருத்தப்பட்டது என்ற முறையான பதிவேடு இல்லை என்பதையும் பெருங்குறைகளாக எடுத்துரைத்தது. வளம் மிக்க ஒரு நாட்டிலேயே பதிவேடு இன்மையால் தீங்கு பல்லாண்டுகள் மறைந்து கிடந்தது என்பது நாம் கவனத்தில் கொள்ளத்தக்கது.

பயிற்சி முதலா, அறுவை முதலா என்ற வினாவுக்கு நெதர்லாந்தில் 460 பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு விடையளிக்க முயன்றது. ஓராண்டு முடிவில், நாடா அறுவைக்கு ஒதுக்கப்பட்டோரில் 85 சதவீதத்தினரும், பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டோரில் 53 சதவீதத்தினரும் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சிப் பிரிவில் 49 சதவீதத்தினர் அவ்வோராண்டுக்குள்ளேயே அறுவைக்கு மாறிவிட்டனர். இதனை அறுவையின் வெற்றியாகப் படிக்கலாம். நடுத்தர, கடுமையான கசிவுடையோரிடையிலும் நூற்றுக்கு 51 பேர் அவ்வாண்டில் கத்தியின்றிக் காலம் கழித்தனர் என்றும் படிக்கலாம். அறுவையை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். செய்த அறுவையைச் செய்யாததாக்க இயலாது. பயிற்சியை முதலில் வைப்பதற்கான பொருளாதாரக் காரணமும் இதுவே.

அவசரக் கசிவு: தொடர் செலவு

அவசரக் கசிவுக்கு முதற்சிகிச்சை சிறுநீர்ப்பைப் பயிற்சி. சிறுநீர் கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழகுவதே இதன் சாரம். தேநீர், காப்பி ஆகியவற்றைக் குறைப்பதும் உதவும். பயன் போதாவிடில் ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின் போன்ற மருந்துகள் அளிக்கப்படுகின்றன. வாய் உலர்தல், மலச்சிக்கல் ஆகியவற்றால் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இவற்றை நிறுத்திவிடுகின்றனர். இவ்வகை மருந்துகளை முதியோர் நெடுங்காலம் உட்கொள்வதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பிருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. காரண காரியத் தொடர்பு இன்னும் உறுதிப்படாவிடினும், எச்சரிக்கை தேவை. மிராபெக்ரான் என்ற மருந்து வேறு வழியில் செயற்படுவதால் இக்குறைகள் அதில் குறைவு, விலையோ கூடுதல். சிறுநீர்ப்பையில் போடப்படும் போட்டுலினம் ஊசியின் பயன் சில மாதங்களில் தேய்வதால் மீண்டும் மீண்டும் போடவேண்டியுள்ளது.

ஆக, அவசரக் கசிவுக்கு ஒருமுறை செய்து முடிக்கும் சிகிச்சை என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் போல், தொடர்ந்து கவனிக்கவேண்டிய நாட்பட்ட நிலையாகவே இதனைக் கருதுதல் வேண்டும்.

தங்கவயல் தரும் பாடம்

மேற்கூறிய ஆய்வுகள் பெரும்பாலும் வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஆட்பதிவேடுகளும் நிலையான மருத்துவமனைகளும் அங்கு உள்ளன. நம் நாட்டில் இதுபோன்ற நெடுந்தொடர்ச்சி அரிது. ஆயினும் அது நமக்கு முற்றிலும் புதியதன்று என்பதற்குத் தங்கவயலே சான்று.

சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைத் தாக்கும் சிலிக்கோசிஸ் நோய் 1940களில் இங்கே விரிவாக ஆராயப்பட்டது. அன்றைய மைசூர் அரசு அதற்கு இழப்பீட்டு விதிகளையும் வகுத்தது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து நோயாக முதிரப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு நாள் சோதனையால் அதனை மதிப்பிட இயலாது. ஒரே தொழிலாளியை ஆண்டுகள்தோறும் மீண்டும் சோதித்தாலன்றி உண்மை வெளிப்படாது. இழப்பீடு என்ற சட்டப் பொறுப்பு இருந்தமையால் பதிவும் இருந்தது. கசிவுக்கோ இழப்பீடும் இல்லை; அதனை அறிவிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. நோயாளியே வாய் திறந்தாலன்றி அது வெளிவருவதில்லை.

சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனை, தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் பல தலைமுறைகள் சிகிச்சையளித்தது. பேறு பார்த்ததும், பின்னர் அதே பெண்ணின் பிற நோய்களைப் பார்த்ததும் ஒரே இடம். சுரங்கம் மூடியபோது அம்மருத்துவமனையின் பணியும் முடிவுற்றது. இழந்தது கட்டிடத்தையும் படுக்கைகளையும் மட்டுமன்று. ஒரு குடும்பத்தைத் தலைமுறையாக அறிந்த தொடர்ச்சியையும் ஆகும். இன்று ராபர்ட்சன்பேட்டையில் அரசு மருத்துவமனை உள்ளது. மாவட்டத் தலைநகரான கோலாரில் அரசு மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. வேலைக்குச் செல்லும் வழியில் பெங்களூரிலேயே மருத்துவரைப் பார்ப்போரும் உண்டு. சிகிச்சை கிடைக்காமல் இல்லை. அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஓரிடத்தில் அறுவை செய்துகொண்டவரை ஐந்தாண்டு கழித்து எவரும் அழைத்துக் கேட்பதில்லை.

நிதி முறையும் இதற்கு ஏற்றவாறே அமைந்துள்ளது. 2018-இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஏழை எளியோர் கடனில் மூழ்காது காக்கும் அரிய ஏற்பாடு இது. ஆனால் இது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது. வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான செலவையே ஏற்கிறது. மூன்று மாதப் பயிற்சி புறநோயாளிப் பணியாதலால் இதன் வரம்புக்குள் வருவதில்லை. பதினைந்து நாட்களில் கணக்கு முடிகிறது. சிகிச்சையின் தரமோ பதினைந்து ஆண்டுகளில்தான் தெரிகிறது. பணம் எவ்வழியில் பாய்கிறதோ அவ்வழியிலேயே சிகிச்சையும் செல்லும் என்பது பொருளியலின் பாலபாடம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கேட்டறிதல். தாய்மார்கள் இக்குறையைப் பேற்றின் இயல்பான பின்விளைவு என்று எண்ணி வாளாவிருக்கின்றனர். மாமியாரிடமோ கணவரிடமோ சொல்ல நாணுகின்றனர். ஆஷா பணியாளரும் துணைச் செவிலியரும் பேற்றுக்குப் பிந்திய வருகைகளிலும், முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான நோயறி சோதனைகளிலும் “இருமும்போது சிறுநீர் கசிகிறதா? அடக்க முடியாமல் போகிறதா? இடைவிடாது ஒழுகுகிறதா?” என்ற மூன்று வினாக்களைத் தனிமையில் கேட்டால் போதும். தங்கவயலில் இவ்வினாக்கள் தமிழிலும் கேட்கப்படுதல் வேண்டும்.

இரண்டாவதாக, பயிற்சியை முதற்படியாக்குதல். வட்ட மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் தொடக்கச் சரிபார்ப்பைச் செய்யலாம். தொடர்ந்து செய்விக்கும் பொறுப்பை ஊர் அமைப்புகள் ஏற்கலாம். கர்நாடகத்தில் 2000-01 முதல் இயங்கிவரும் ஸ்திரீ சக்திக் குழுக்கள் சேமிப்புக்காகத் தவறாது கூடுகின்றன. அக்கூட்டத்தில் ஐந்து நிமிடப் பயிற்சி செலவில்லாத பராமரிப்பாகும்.

மூன்றாவதாக, அறுவைக்கு முன் தெளிந்த விளக்கம். பர்ச் முறை, தசையுறைத் தாங்கல், வலைநாடா ஆகிய மூன்றின் ஐந்தாண்டு, பத்தாண்டுப் பயன்களும் தீங்குகளும் நோயாளியின் மொழியில் கூறப்படுதல் வேண்டும். தசையுறை முறைக்கு இறக்குமதிப் பொருள் எதுவும் தேவையில்லை என்பதும், நாடாவை அகற்றும் திறனுள்ள மையம் எங்குள்ளது என்பதை அறிந்த பின்னரே நாடாவைப் பொருத்துதல் முறை என்பதும் கருதத்தக்கவை.

நான்காவதாக, பதிவேடு. எந்த நாளில், எந்த அறுவை, எந்தப் பொருள் என்பது எழுதப்பட்டு, ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு முடிவுகளில் நோயாளியைத் தொடர்புகொள்ள வகை செய்யப்படுதல் வேண்டும். 2021-இல் நாடெங்கும் தொடங்கப்பெற்ற டிஜிட்டல் நலவாழ்வு இயக்கத்தின் 14 இலக்கச் சுகாதார எண், ஊர் விட்டு ஊர் சென்று சிகிச்சை பெறுவோரின் குறிப்புகளை ஒன்றிணைக்க வழி தருகிறது. நோயாளியின் இசைவோடும் மறைவு காத்தும் இதனைப் பயன்படுத்தினால், தங்கவயலில் வாழ்ந்து பெங்களூரில் அறுவை செய்துகொண்ட பெண்ணின் வரலாறு அறுந்துபோகாது.

ஐந்தாவதாக, நிதி. பயிற்சிக்கும், அறுவைக்குப் பிந்திய நெடுங்காலச் சோதனைக்கும் சிறு தொகையேனும் ஒதுக்கப்பட்டாலன்றி மேற்கூறியவை ஏட்டளவில் நின்றுவிடும். ரயில் நிலையங்களிலும் பணியிடங்களிலும் தூய்மையான கழிவறையும் தண்ணீரும் இருப்பதும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே. கழிவறை இல்லாத இடத்தில் சிறுநீர்ப்பைப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது பொருளற்றது.

சிறுநீர்க் கசிவு உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆதலின் திட்டங்களின் முன்னுரிமைப் பட்டியலில் அது பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பு. ஆனால் அது பெண்ணின் வேலையையும், வழிபாட்டையும், உறவையும், உறக்கத்தையும் சிறிது சிறிதாகப் பறிக்கிறது. இதனைப் போக்கும் வழிகள் நம்மிடம் உள்ளன. எந்த வழியும் ஒரே நாளில் முடிந்துவிடுவதன்று; பராமரிக்கப்படும் வரையே பயன் தரும் என்பதை ஆய்வுகள் ஒருமித்து உரைக்கின்றன. எனவே எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தோம் என்பதோடு, பத்தாண்டு கழித்து எத்தனை பேர் நலமாக உள்ளனர் என்பதையும் ஆண்டறிக்கைகள் கூறும் நிலை வருதல் வேண்டும். மாரிக்குப்பத்தில் ரயிலேறும் பெண், தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீரை அச்சமின்றி அருந்திவிட்டுப் புறப்படுவாராயின், அதுவே அத்திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாகும்.